நாற்றம் யாருடையது? கஸ்தூரி அத்தரை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

வாசனையைப் பற்றிய விமர்சனம் என்று தமிழில் அநேகமாக எதுவும் கிடையாது. கவிதைக்கு உண்டு, நாவலுக்கு உண்டு, சினிமாவுக்கும் கூத்துக்கும் உண்டு. ஓர் அத்தர் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாமே என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். 'எழுத வேற விஷயமே கெடைக்கலையாய்யா?' என்கிறார்கள். இது சும்மா வருகிற சிரிப்பு இல்லை. அதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது.

ஐம்புலன்களில் மிகவும் நன்றிகெட்டதும், இல்லாமல் போனாலும் பெரிய நஷ்டமில்லாததும் மூக்குதான் என்கிற பொருள்பட 1798இல் காண்ட் எழுதினார். 1930இல் வெளிவந்த 'நாகரிகமும் அதன் அதிருப்திகளும்' நூலின் ஓர் அடிக்குறிப்பில் ஃப்ராய்ட் வேறொன்றை யோசித்துப் பார்க்கிறார். நாலு காலில் நடந்த பிராணி நிமிர்ந்து நின்றது; மூக்கு தரையிலிருந்து விலகியது; கண் முதலிடத்துக்கு வந்தது; நாகரிகத்தின் வழி அங்கேதான் திறந்தது. இரண்டு பேரும் வேறு வேறு காரியத்துக்காகச் சொன்னாலும் இரண்டிலும் ஒரே இருமை எதிர்வு வேலை செய்கிறது: கண் மனிதனுடையது, மூக்கு மிருகத்தினுடையது. கண் தூரத்தில் நின்று அளக்கும், தீர்ப்புச் சொல்லும். மூக்குக்கு அந்த வசதி இல்லை. நுகரப்படும் பொருளின் துகள் உள்ளே வந்து ஒட்டினால்தான் வாசனை. அந்த அர்த்தத்தில் நுகர்தல் என்பது ஒருவகைத் தீண்டல். யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த ஒரு சமூகத்தில், இந்தத் தீண்டலைப் பற்றி விமர்சகன் பேசாமல் இருப்பது எப்படி?

கஸ்தூரியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. மல்லிகை பூவின் வாசனை. சந்தனம் மரத்தின் வாசனை. கஸ்தூரி மிருகத்தின் வாசனை. நம் உடம்பின் சொந்த வாசனைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நிற்பது அது. உடம்பின் மேல் பூசப்படுகிற இன்னொரு உடம்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

2

திருவல்லிக்கேணி அத்தர் கடைகளில் கஸ்தூரி இரண்டு பெயரில் கிடைக்கிறது: வெள்ளைக் கஸ்தூரி, கறுப்புக் கஸ்தூரி. 'வைட் மஸ்க்', 'பிளாக் மஸ்க்' என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். மூன்று மில்லி, ஆறு மில்லி, ஒரு தோலா என்று குப்பிகள். நான் இரண்டிலும் மூன்று மில்லி வாங்கி, இடது மணிக்கட்டில் வெள்ளையும் வலது மணிக்கட்டில் கறுப்பும் தடவிக்கொண்டு, சில நாட்கள் சென்னை வெயிலில் சாதாரணமாக நடமாடிப் பார்த்தேன். கீழே வருவது அந்த நாட்களில் எழுதி வைத்த குறிப்புகளின் சாரம்.

வெள்ளை. தடவியவுடனே வருவது சோப்பு. ஏதோ ஒரு குறிப்பிட்ட சோப்பு என்று சொல்ல முடியாது. 'சோப்பு' என்கிற கருத்தின் வாசனை. அதன் பின்னால் இஸ்திரி போட்டுக் கொஞ்ச நேரமே ஆன பருத்திச் சட்டையின் சூடு. லேசாக ஒரு வெள்ளைப் பூ, ஆனால் எந்தப் பூ என்று பெயர் சொல்ல முடியாத பூ. கால்மணி நேரத்தில் அந்தப் பூவும் போய்விடுகிறது. பிறகு பால்பவுடர் டப்பாவைத் திறந்தால் வருகிற மாதிரி, இனிப்பு என்றும் சொல்ல முடியாத ஒரு மென்மை. ஒரு மணி நேரத்தில் 'போயிடுச்சு' என்று நினைத்தேன். கையை மோந்து மோந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நண்பர், 'என்ன, இப்பத்தான் குளிச்சிட்டு வர்றீங்களா?' என்றார். காலையில் போட்டது. என் மூக்குக்கு ஓய்ந்துபோன பிறகும் அவர் மூக்குக்கு அது பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

கறுப்பு. முதல் மோப்பத்திலேயே தலை கொஞ்சம் பின்னால் போகிறது. பழைய சாக்கு, தோல் செருப்புக் கடை, கிடாய் கட்டிப் போட்டிருக்கிற இடத்தின் நெடி, நடுவில் எங்கேயோ தேன். இதைப் போட்டுக்கொண்டு வெளியே போகவே முடியாது என்று முதல் ஐந்து நிமிடம் தோன்றும். ஆனால் அது அங்கேயே நிற்பதில்லை. தோலின் சூட்டில் கிடாய் மெல்ல விலகுகிறது. அரைமணியில் தோல் வாசனை மட்டும் நிற்கிறது. செருப்பின் தோலா, நம்முடைய தோலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வருவதுதான் விசேஷம்: எண்ணெய் வைத்து இரண்டு நாள் ஆன குழந்தையின் உச்சந்தலை. யாருக்கும் முகம் சுளிக்காத, ஆனால் யாரும் 'வாசனை' என்று பெயரிட்டு அழைக்காத ஒரு வாசனை. வேர்வை கூடும்போது இது கூடுகிறது. வேர்வையோடு சண்டை போடுவதில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது நன்றாகத் தெரிகிறது. வெள்ளை அப்படி இல்லை. அது வேர்வைக்கு மேலே ஒரு விரிப்பு மாதிரி தனியாகக் கிடக்கிறது. விரிப்பு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

மறுநாள் சட்டையில் இரண்டுமே இருந்தன. காலரிலும் மடித்துவிட்ட கையிலும். துவைத்த பிறகும் வெள்ளை இருந்தது.

இரண்டு குப்பியிலும் மான் கிடையாது. 'ஒரிஜினல் சார்' என்று யார் சொன்னாலும் சரி, 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கஸ்தூரி மான் இருக்கிறது. மூன்று மில்லி மலிவாகக் கிடைக்கிறபோது அது ஆய்வகத்துச் சரக்குதான். ஆக, இங்கே இரண்டு கஸ்தூரிகளையும் பிரிப்பது அசல், போலி என்கிற கோடு இல்லை. இரண்டும் நகல்கள். ஒன்று மிருகத்தை நினைவுவைத்துச் செய்யப்பட்ட நகல். மற்றொன்று மிருகத்தை மறப்பதற்கென்றே செய்யப்பட்ட நகல். இந்த மறதி எப்படி உற்பத்தியானது என்பதுதான் கேள்வி.

3

இமயத்திலும் அதற்கு வடக்கேயும் வாழும் கஸ்தூரி மானின் ஆணுக்கு மட்டும், தொப்புளுக்கும் குறிக்கும் நடுவே ஒரு பை இருக்கிறது. அதில் சுரந்து உறைவதுதான் கஸ்தூரி. ஒரு பையில் கிடைப்பது சுமார் 25 கிராம். அதற்காக மானையே கொன்றார்கள். பச்சையாக மோந்தால் அமோனியா நெடிதான் தூக்கலாக இருக்கும்; சாராயத்தில் ஊறவைத்து நீர்த்துப்போகச் செய்த பிறகுதான் 'மணம்' என்று நாம் ஒப்புக்கொள்வது வெளியே வரும்.

பெயர்கள் இதை மறைக்கவில்லை. ஐரோப்பிய மொழிகளின் 'மஸ்க்' என்ற சொல் பாரசீக 'முஷ்க்' வழியாக, விதைப்பை என்று பொருள்படும் வடமொழி 'முஷ்க' என்பதிலிருந்து போனதாகச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். தமிழில் 'மான்மதம்'. யானைக்குப் பிடிக்கிற அதே மதம். மொழிக்கு இதில் எந்த வெட்கமும் இல்லை. வெட்கப்பட்டது பிற்பாடு வந்த உரைகள்தான்.

தன் தொப்புளில் இருக்கிற கஸ்தூரியின் மணத்தை மான் காடெல்லாம் தேடி அலைகிறது என்கிற உவமை கபீரின் பெயரால் வழங்குவது எல்லோருக்கும் தெரியும். தேடுவது உன்னுள்ளேயே இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள். அழகான உவமைதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் இந்த வாசிப்பில் என்ன காணாமல் போகிறது என்று பாருங்கள். அந்த மணம் ஆண் மான் தனக்காகச் சுரந்துகொண்டது இல்லை. அது பெண் மானுக்கு அனுப்பப்படுகிற சேதி. தன்னை நோக்கித் திரும்பாத, மற்றதை நோக்கிப் போகிற குறிப்பான் அது. ஆன்மிக வாசிப்பு அந்தச் சேதியைப் பாதி வழியில் மறித்து, அனுப்பியவனுக்கே திருப்பிவிடுகிறது. காமம் போய் ஆத்மா வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெண் மான் உவமையை விட்டே வெளியேற்றப்படுகிறது. அழுக்கை நீக்கிக் கஸ்தூரியை 'உயர்த்துகிற' காரியம் ரசாயனத்துக்கு முன்பே உரையாசிரியர்களிடம் தொடங்கிவிட்டது.

இன்னொரு பக்கம், சில மதங்களில் மிருகச் சுரப்பிகள் நேரடியாகவே புனிதத்துக்குள் நுழைந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தில் சொர்க்கத்துப் பானத்தின் முத்திரை கஸ்தூரி. திருப்பதி மூலவருக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு சாத்தப்படுவது புனுகு. அது புனுகுப் பூனையின் பிறப்புறுப்பை ஒட்டிய சுரப்பியிலிருந்து வழித்தெடுப்பது. எது தீட்டு, எது புனிதம் என்பது பொருளில் இல்லை, அது எந்தக் கையிலிருந்து எந்த இடத்துக்குப் போகிறது என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

4

ஐரோப்பாவில் கஸ்தூரி எப்போது அசிங்கமாயிற்று என்பதற்கு அலென் கோர்பென் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கஸ்தூரி, புனுகு போன்ற கனத்த மிருக வாசனைகள் மேட்டுக்குடியின் தோலிலிருந்து மெல்ல விலக்கப்படுகின்றன. அந்த இடத்துக்கு மெல்லிய பூ வாசனைகள் வருகின்றன. அதே காலத்தில்தான் சாக்கடை, பிணவறை, சிறைச்சாலை, ஏழையின் வீடு எல்லாம் 'நாற்றம் பிடித்த இடங்கள்' என்று கணக்கெடுக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே இயக்கத்தின் இரண்டு பக்கங்கள். நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் கஸ்தூரிப் பைத்தியம். அவள் இறந்து வெகுகாலம் ஆன பிறகும் மால்மெஸோன் மாளிகையில் அவள் அறையின் சுவரிலிருந்து கஸ்தூரி போகவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, முதலாளித்துவ மரியாதைக்கு அது ஒரு பயமுறுத்தும் கதை: துடைத்தாலும் போகாத பெண், துடைத்தாலும் போகாத உடம்பு.

பிறகு ரசாயனம் வந்தது. 1888இல் ஆல்பர்ட் பௌர் என்ற ஜெர்மானியர் வெடிமருந்துக்காக டி.என்.டி.யை ஒத்த சேர்மங்களைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றிலிருந்து கஸ்தூரி வாசம் வந்தது. நைட்ரோ கஸ்தூரிகளின் பிறப்பு அதுதான். வெடிகுண்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். உண்மையான கஸ்தூரியின் மையப் பொருளான மஸ்கோனை 1906இல் வால்பௌம் பிரித்தெடுத்தார். 1926இல் ருஜிச்கா அதன் அமைப்பைக் கண்டுபிடித்தபோது, அது பதினைந்து கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கிற ஒரு பெரிய வளையமாக இருந்தது. அவ்வளவு பெரிய வளையம் நிலைத்து நிற்காது என்று அதுவரை வேதியியலாளர்கள் நம்பி வந்தார்கள். 1939இல் ருஜிச்காவுக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்த வளையங்களுக்கும் பங்கு உண்டு. இந்தக் கனம்தான் கஸ்தூரி தோலில் நிற்பதற்கும் காரணம்: மூலக்கூறு பெரியது, எளிதில் ஆவியாகாது, எலுமிச்சை வாசனை பத்து நிமிடத்தில் பறந்துபோகும் இடத்தில் இது மறுநாளும் உட்கார்ந்திருக்கும்.

1960களில் கலக்சொலைட் வந்தது. மலிவு. தண்ணீரில் கரையாமல் துணியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் துணி சோப்புத் தூளிலும் துணியை மென்மையாக்கும் திரவத்திலும் அது டன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. இங்கேதான் பெரிய புரட்டு நடக்கிறது. மிருகத்தின் காமச் சுரப்பியைப் போலச் செய்ய வந்த பொருள், வெளுத்த துணியின் வாசனையாகிவிட்டது. இன்றைக்கு ஒரு குழந்தைக்குக் கஸ்தூரி வாசனையைக் காட்டினால் அது 'துணி துவைச்ச வாசனை' என்று சொல்லும். சரியாகத்தான் சொல்கிறது. குறிப்பான் அப்படியே இருக்க, குறிப்பீடு நேர் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. சோப்புத் தூள் விளம்பரங்கள் அழுக்கைப் பற்றிய ஒரு புராணத்தைக் கட்டுகின்றன என்று ரொலான் பார்த் 1957இலேயே எழுதினார். அந்தப் புராணத்துக்கு ஒரு வாசனையும் வேண்டியிருந்தது. அது கஸ்தூரியிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது.

1981இல் பாடி ஷாப் நிறுவனம் 'வைட் மஸ்க்' என்ற பெயரில் ஒரு வாசனையைக் கொண்டுவந்தது. மானைக் கொல்லாத கஸ்தூரி என்பது அதன் அறம். இந்த அறத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு வாசனைக்காக ஓர் இனம் அழியக் கூடாது. கேள்வி அந்த 'வெள்ளை'யைப் பற்றி. மானைக் காப்பாற்ற மானை விட்டுவிட்டால் போதும். மிருகத்தையே வாசனையிலிருந்து கழுவித் துடைக்க வேண்டிய அவசியம் என்ன? விலங்கின் மேலான கருணையும் விலங்குத்தன்மையின் மேலான அருவருப்பும் ஒரே சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. 'வெள்ளை' என்றால் ரத்தம் படாதது. 'வெள்ளை' என்றால் வேர்வை படாததும்கூட. ஒரு பக்கம் பார்த்தால் அகிம்சை, மறுபக்கம் பார்த்தால் ஆசாரம். நமக்கு இந்தக் கூட்டணி ஒன்றும் புதிது இல்லை.

மிருகத்தைத் திரும்ப அழைத்தவர்களும் உண்டு. 1998இல் பாரிசில் செர்ஜ் லூத்தான்ஸ் வெளியிட்ட கஸ்தூரி வாசனை, அதன் அழுக்கு வாடைக்காகவே பேர் வாங்கியது. அதற்கு வைத்த பெயர் குப்ளாய் கான் கஸ்தூரி. பாரிஸ்காரனுக்கு உடம்பின் வாடை வேண்டும் என்றால் அதற்கு ஒரு மங்கோலியப் பேரரசன் தேவைப்படுகிறான். தன் அக்குளை அவன் கீழைத்தேயத்தில்தான் கண்டுபிடிப்பான். எட்வர்ட் சைத் இந்தப் பாட்டிலைப் பார்த்திருந்தால் ஒரு பத்தியாவது எழுதியிருப்பார்.

'வெள்ளை' எவ்வளவு சுத்தம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1981இலேயே, டோக்கியோ வழியாக ஓடும் தாமா ஆற்று மீன்களில் நைட்ரோ கஸ்தூரி கண்டுபிடிக்கப்பட்டது. 1990களில் ஜெர்மனியில் தாய்ப்பாலில் செயற்கைக் கஸ்தூரிகள் இருப்பது தெரியவந்தது. அதில் மஸ்க் சைலீன் என்கிற வகையை, இயற்கையில் எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் சேர்ந்துகொண்டே போவது என்று வகைப்படுத்தி, 2014இலிருந்து அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியது. துணியை விட்டுப் போகாதது ஆற்றையும் கொழுப்பையும் விட்டுப் போகுமா? உடம்பை மறைக்க வந்தது உடம்புக்குள்ளேயே குடியேறிவிட்டது.

5

மணிக்கட்டுக்குத் திரும்பலாம். காலையில் போட்டது எனக்குத் தெரியாமல் போய், சாயங்காலம் நண்பருக்குத் தெரிந்தது என்று சொன்னேன். இது கஸ்தூரியை வாசிப்பதில் முக்கியமான இடம்.

மூக்கு ஒரே வாசனையை நீடித்து நுகர்ந்தால் அதைச் சொல்வதை நிறுத்திக்கொள்ளும். எல்லா வாசனைக்கும் இது பொது. கஸ்தூரிக்கு இன்னொன்றும் உண்டு. இந்தப் பெரிய மூலக்கூறுகளில் ஏதாவது ஒன்றைச் சிலரால் நுகரவே முடியாது. மற்ற வாசனைகள் எல்லாம் தெரியும், இந்த ஒன்று மட்டும் இல்லை. மஸ்கோனை உணரும் ஏற்பி எது என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கலக்சொலைட் சிலருக்குத் தெரியாமல் போவதற்குக் காரணமான மரபணு வேறுபாடு 2022இல் வெளியான ஆய்வில் சுட்டப்பட்டது. கஸ்தூரிச் சாயல் கொண்ட ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற பொருள் இன்னும் விசித்திரமானது. சிலருக்கு அது மூத்திர நெடி, சிலருக்குச் சந்தனம் மாதிரி இனிப்பு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒரே குறி, மூன்று வாசகர்கள், மூன்று அர்த்தம். அதில் ஒன்று வெறுமை.

ஆக, அணிந்தவனால் வாசிக்க முடியாத பிரதி கஸ்தூரி. அவன் தோலில் எழுதப்பட்டிருக்கிறது, அவன் சூட்டில்தான் அது எழுத்தாகிறது, ஆனால் அர்த்தம் முழுக்க மற்றவன் மூக்கில். 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துப்போய்விட்டது. இங்கே அது கோஷமாக வரவில்லை, உடலியலாகவே வருகிறது. 'இது உன் மேல அடிக்குது' என்று இன்னொருவர் சொன்னால்தான் என் வாசனை எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று உடனே கேட்க வேண்டியதாகிறது.

நான் கொஞ்ச காலம் தற்காலிக ஆசிரியராக இருந்த ஒரு கல்லூரியில், ஒரு மூத்த பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, ஸ்டாஃப் ரூமுக்கு வர்றப்ப கொஞ்சம் செண்டு போட்டுக்கிட்டு வாங்க' என்றார். பிரியமாகத்தான் சொன்னார். இரண்டு பேருந்து மாறி, கடைசி இரண்டு கிலோமீட்டர் நடந்து வருகிற ஆள் நான். அந்த அறையில் காரில் வந்து இறங்குகிறவர்களுக்கும் வேர்வை உண்டு. வேர்வைக்குத் தனியாக வாடை கிடையாது என்பதும், தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைப்பதால்தான் வாடை வருகிறது என்பதும் பள்ளிக்கூடப் பாடம். நுண்ணுயிர் யாரிடமும் சர்டிபிகேட் கேட்பதில்லை. ஆனால் அந்த அறிவுரை அந்த அறையில் எனக்கு மட்டும்தான் கிடைத்தது. அவருடைய மூக்கு நுகர்ந்தது வேர்வையை மட்டும்தானா என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. அவர் மூக்கை அவர் உண்மையாகவே நம்பினார்.

கட்டமைக்கப்பட்ட மூக்கு என்று ஒன்று இருக்கிறது. அது தன்னை இயற்கை என்று நினைத்துக்கொள்கிறது. கண்ணுக்கு இருப்பதைவிட மூக்குக்கு இந்த நம்பிக்கை அதிகம். ஏனென்றால் அருவருப்பு யோசித்து வருவதில்லை, குமட்டிக்கொண்டு வருகிறது. குமட்டலோடு யார் வாதாடுவது?

6

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 'நாறு' என்றால் பழைய தமிழில் மணத்தல். குறளில் காதலியின் மணத்தைச் சொல்ல 'நாற்றம்' என்றுதான் வருகிறது. கண்ணனின் வாய் எப்படி மணக்கும் என்று சங்கிடம் கேட்கும்போது ஆண்டாள் பயன்படுத்தும் வினையும் இதுதான். இன்றைக்கு அதே சொல்லை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அடிதடியில் முடியும். நல்லதையும் கெட்டதையும் ஒருசேரச் சுமந்த சொல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மறுபக்கத்துக்கு 'மணம்', 'வாசனை' என்று வேறு சொற்கள் வந்து உட்கார்ந்தன. வாடை, வீச்சம், நெடி, கவிச்சி, முடை என்று பேச்சில் எத்தனை நுணுக்கமான சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன! எல்லாம் 'கீழ்' வரிசையில். மல்லிகைப் பூவில் இருக்கும் இண்டோல் என்ற பொருள்தான் மலத்திலும் இருக்கிறது என்று வேதியியல் சொல்லும்போது, பழைய 'நாற்றம்' என்ற சொல்லுக்கு இருந்த அறிவு இந்தப் புதிய இரட்டைச் சொற்களுக்கு இல்லை என்றே தோன்றுகிறது.

அதியமான் இறந்த பின் ஔவையார் பாடியதாக வரும் புறநானூற்று 235ஆம் பாட்டில் ஓர் இடம். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் வாடை அடிக்கும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே என்று நினைத்து அழுகிறாள். நரந்தம் என்பதற்கு வாசப் புல், நாரத்தை, கஸ்தூரி என்று அகராதியில் பல பொருள் இருக்கிறது. எந்தப் பொருளைக் கொண்டாலும் என் வாதத்துக்குக் குறைவில்லை. கவனிக்க வேண்டியது இரண்டு நாற்றத்துக்கும் பாட்டு ஒரே வினையைத் தருகிறது என்பது. கையும் நாறுகிறது, தலையும் நாறுகிறது. அவன் கை தலையைச் சுத்தப்படுத்தியது என்று அவள் சொல்லவில்லை. தலையிலிருந்து கைக்கு என்ன ஒட்டியது என்று அவன் கழுவிக்கொண்டதாகவும் இல்லை. இரண்டு நாற்றமும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன. அந்தக் கலப்புக்குத்தான் அவள் அழுகிறாள்.

ஆள்பவனின் கை, இரவலரின் தலை என்கிற மேல்கீழ் அந்தப் பாட்டில் இல்லாமல் இல்லை. சங்க காலத்தைப் பொற்காலமாக்குகிற வேலை எனக்கு வேண்டாம். ஆனால் பின்னால் என்ன நடந்தது என்று தெரியும். பாடித் திரிந்த பாணர் குலம், திருப்பாணாழ்வார் கதை எழுதப்படும் காலத்தில், அரங்கத்துக்குள் கால் வைக்க முடியாத குலம். நாறுகிற தலையைத் தொட்ட கை ஒன்று இலக்கியத்தில் இருந்தது. சமூகம் அந்தக் கையை மடக்கிக்கொண்டது.

வெள்ளைக் கஸ்தூரி அந்த மடக்கின கையின் வாசனை. அது என்னைத் தொடுவதில்லை, என் மேல் விரிகிறது. கறுப்புக் கஸ்தூரியை நான் கொண்டாடவும் இல்லை. அதுவும் ஒரு தொழிற்சாலைச் சரக்கு. 'கறுப்பு' என்ற பெயரும் அதே விற்பனைப் பலகையில் எழுதப்பட்டதுதான். ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து அது என் வேர்வையோடு சேர்ந்து, எது அத்தர், எது நான் என்று பிரிக்க முடியாத ஓர் இடத்துக்கு வருகிறதே, அந்த இடத்தில் 'நாத்தம்', 'வாசனை' என்ற இரண்டு சொல்லும் கொஞ்ச நேரம் வேலை செய்வதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைத் தக்கவைக்கிற ஒரு சொல் நம்மிடம் முன்பு இருந்தது. அதைத் திட்டாக மாற்றியது யார், எப்போது, எதற்காக என்று சொற்பிறப்பியல்காரர்களும் சாதி வரலாறு எழுதுகிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். அந்த மேசையில் ஒரு அத்தர் குப்பியும் இருக்கட்டும்.